மறைவில் ஒரு பை: 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பெண்களின் கட்டுப்பை குறித்த ஒரு நோக்கு

ஆங்கிலக் குழந்தைப் பாடல்களுள் ஒன்றில், ஒருத்தி தன் பையைத் தொலைக்கின்றாள்; மற்றொருத்தி அதனைக் கண்டெடுக்கின்றாள். அப்பாடலில் பையைக் குறிக்க வரும் சொல் இன்று ஆடையோடு சேர்த்துத் தைக்கப்படும் சட்டைப்பையையே உணர்த்துகின்றது. ஆடையோடு தைத்த பையை ஆடையை விட்டுத் தனியே தொலைத்தல் எங்ஙனம்? இன்றைய குழந்தைகள் இவ்வினாவைக் கேட்பதில்லை, கற்பிப்போரும் பொருட்படுத்துவதில்லை. பாடல் தோன்றிய காலத்தில் இவ்வினாவிற்கே இடமில்லை. அக்காலப் பெண்ணின் பை ஆடையின் உறுப்பன்று. அது தனியே தைக்கப்பட்டு, நாடாவால் இடையிற் கட்டப்பட்டு, பாவாடைக்குள் மறைந்து தொங்கியது. நாடா அவிழ்ந்தாலோ அறுந்தாலோ பை கீழே விழும். விழுந்த பையைப் பிறர் எடுப்பர்.

இப்பையினையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. இடையிற் கட்டப்படுவது ஆதலின் இதனைக் 'கட்டுப்பை' என ஈண்டு வழங்குவோம். தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. 'சட்டைப்பை' என்பது சட்டையை முற்கொள்கின்றது. 'ஜேப்பு' என்பதோ அராபிய மூலத்திலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்து ஆடவர் உடையோடு ஒட்டிக்கொண்ட சொல். நம் பாட்டிமார் இடுப்பிற் செருகிய சுருக்குப்பை நினைவிற்கு வருதல் இயல்பே. எனினும் ஒப்புமை கண்ட அளவிலேயே உறவு கற்பித்தல் ஆகாது. சுருக்குப்பை கயிற்றை இழுத்து வாய் மூடப்படுவது. கட்டுப்பையோ வாய் எப்பொழுதும் திறந்தே இருப்பது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும், பின்னர்க் காணவிருக்கும் வழக்குகளில் உயிர் காக்கவும் உயிர் போக்கவும் வல்லதாயிற்று.

திருடர்க்குரிய சொற்களும் இவ்விடத்துக் கருதத்தக்கன. கச்சையிலிருந்து பணப்பை வெளியே தொங்கிய காலத்தில் ஆங்கிலத்தில் திருடனைப் 'பையறுப்போன்' எனப் பொருள்படும் சொல்லால் அழைத்தனர். பை ஆடைக்குள் சென்றபின் அவனே 'பையிலிருந்து பொறுக்குவோன்' ஆனான். தமிழில் 'முடிச்சவிழ்க்கி' எனும் சொல், துணிமுனையிற் பணத்தை முடிந்துவைத்த வழக்கத்தின் எச்சம். பொருளை எங்கே வைத்தனர் என்பதைத் திருடனின் பெயர் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. சொல்லாராய்ச்சியாளர் இதனை மேலும் தொடரலாம்.

கட்டுப்பை நெடுங்காலம் வரலாற்றாசிரியர் கண்ணிற் படாதிருந்தது. உடை வரலாறு எழுதியோர் கவுனின் வெட்டையும் பட்டின் பூவேலையையும் விரித்துரைத்தனர். உள்ளே கட்டியதை ஓரிரு வரிகளில் முடித்தனர். இந்நிலையை மாற்றியவர்கள் பார்பரா பர்மன், அரியான் ஃபென்னட்டோ ஆகிய இருவர். 1660 முதல் 1900 வரையிலான பெண்களின் பைகளைப் பற்றி இவர்கள் இணைந்தெழுதிய நூலை 2019ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. அருங்காட்சியகங்களில் எஞ்சியுள்ள நூற்றுக்கணக்கான பைகளை நேரிற் கண்டும், நீதிமன்ற ஏடுகள், கடிதங்கள், கணக்குகள் ஆகியவற்றைத் துருவியும் எழுதப்பட்ட நூல் அது. இக்கட்டுரை அந்நூலுக்குக் கடன்பட்டது. ஆயினும் நாம் எழுப்பும் வினா சற்றுக் குறுகியது: தனக்கெனச் சட்டத்தில் உடைமை இல்லாத ஒருத்தி, தன் உடலோடு கட்டிய ஒரு துணிப்பையை எவ்வளவு தூரம் தன்னுடையதாகக் கொள்ள முடிந்தது?

கட்டுப்பையின் அமைப்பு

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆடவரின் கோட்டு, உட்சட்டை, காற்சட்டை ஆகியவற்றிற் பைகள் உடன்சேர்த்துத் தைக்கப்பட்டன. பெண்களின் உடை வேறு வழியிற் சென்றது. உடலையொட்டி லினன் உள்ளங்கி, அதன்மேல் மார்பையும் இடையையும் இறுக்கும் கச்சு, இடைக்குக் கீழே உட்பாவாடை, அதன்மேற் கட்டுப்பை, பையை மறைத்து மேற்பாவாடையும் கவுனும். பாவாடையின் முன்பாதியும் பின்பாதியும் பக்கங்களில் முழுவதும் மூட்டப்படுவதில்லை. இடையிலிருந்து ஒரு சாண் அளவிற்குத் திறந்தே விடப்படும். முன்பாதியின் நாடா முதுகுப்புறத்திலும் பின்பாதியின் நாடா வயிற்றுப்புறத்திலும் கட்டப்பெறும். இவ்வாறு இருபக்கமும் எஞ்சும் பிளவின் வழியே கை உள்ளே செல்லும்.

பையின் வடிவம் ஏறக்குறைய பேரிக்காயை ஒத்தது: மேலே குறுகி, கீழே அகன்று வளைந்தது. முன்பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு, அதுவே வாய். சிலர் ஒற்றைப் பை அணிந்தனர். பலர் ஒரே நாடாவில் இரு பைகளைக் கோத்து இடுப்பின் இருபுறமும் தொங்கவிட்டனர். முகப்பு பெரும்பாலும் நல்ல துணி; பின்புறம் மலிவான லினன். வண்ண நூலாற் பூக்கொடி இட்டவை, துண்டுத்துணிகளை ஒட்டுப்போட்டவை, எவ்வித அணியுமற்ற வெள்ளை லினன் பைகள் எனப் பல வகை உண்டு. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திற் காணப்படும் பூவேலைப் பைகளைப் பார்ப்போர், அக்காலப் பெண்கள் அனைவரும் இத்தகையவற்றையே கட்டினர் என எண்ணக்கூடும். அது பிழையான முடிவு. அழகியவை பேழையிற் பேணப்பட்டன. அன்றாடப் பைகள் கிழியும்வரை உழைத்தன, கிழிந்தபின் கந்தையாயின, லினன் கந்தை காகித ஆலைக்குச் சென்றது. நாம் இன்று படிக்கும் 18ஆம் நூற்றாண்டு நூல்களின் தாள்களில் அக்காலப் பைகள் சில கரைந்திருத்தல் கூடும்.

தைத்தறிந்தவை

பொருளை மீளச் செய்துபார்த்தல் வரலாற்றாய்வில் ஒரு முறையாக ஏற்கப்பட்டு வருகின்றது. இக்கட்டுரையின்பொருட்டு நாமும் ஒரு கட்டுப்பையைக் கையாலேயே தைத்து, சில நாள்கள் அணிந்தும் பார்த்தோம். அணியாத லினன் பை. நீளம் 38 செ.மீ., அடியகலம் 26 செ.மீ., மேலகலம் 13 செ.மீ., பிளவு 20 செ.மீ. எஞ்சியுள்ள பைகளின் பொதுவான அளவிற்கு இது மாறுபட்டதன்று.

தாளை நெடுக்கில் இரண்டாக மடித்துப் பாதி வடிவத்தை வெட்டினால் இருபுறமும் ஒத்த அச்சு கிடைக்கும். அதனை வைத்து முகப்பிற்கு ஒன்றும் பின்புறத்திற்கு ஒன்றுமாகத் துணி வெட்டப்படும். முகப்புத் துணியில் மட்டும் பிளவு இடவேண்டும். பிளவின் பச்சை விளிம்பை அப்படியே விட்டால் சில நாள்களில் இழை பிரிந்துவிடும். ஆதலால் விளிம்பின் இருபுறமும் படியுமாறு நாடாவை மடித்து வைத்து நெருக்கமாகத் தைக்கவேண்டும். பின்னர் முகப்பையும் பின்புறத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, சுற்றுவிளிம்பு முழுவதையும் அவ்வாறே நாடாவாற் பொதியவேண்டும். இடைநாடாவின் மடிப்பிற்குள் பையின் மேல்விளிம்பைச் செருகித் தைத்துவிட்டால் வேலை முடிந்தது. நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொண்டால் சிக்காது. லினன் துணியில் வழுக்கிச் செல்லும்.

சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் இரண்டு இடங்கள் கைத்திறனைச் சோதிப்பவை. முதலாவது, அடிப்பக்கத்து வளைவு. தறியில் நெய்த நாடா நேராகவே செல்ல விரும்பும். வளைவில் அதனைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, நூலால் ஈர்த்துப் படியவைக்கவேண்டும். இல்லையேல் விளிம்பு சுருங்கிப் பை கோணும். அருங்காட்சியகப் பைகள் பலவற்றில் இவ்வளைவு நாடா மிக நேர்த்தியாகப் படிந்திருக்கக் காண்கின்றோம். எளிய பைகளைச் செய்தோரும் சிறு வயது முதல் ஊசி பிடித்தவர்கள் என்பதற்கு இந்நேர்த்தியே சான்று. இரண்டாவது, பிளவின் கீழ்முனை. கை நுழையும் ஒவ்வொரு முறையும் விசை முழுவதும் அம்முனையையே தாக்கும். காஜாத் தையலாலோ குறுக்குக் கட்டாலோ அவ்விடத்தை வலுப்படுத்தாவிடில் துணி கிழியும். எஞ்சியுள்ள பைகளில் ஒட்டும் இழையோட்டமும் மிகுதியாகக் காணப்படும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதில் வியப்பில்லை. பை எத்துணைக் காலம் பயன்பட்டது என்பதை முகப்பின் பூவேலை கூறுவதில்லை. இம்முனையின் ஒட்டுகளே கூறுகின்றன.

துணிச் சிக்கனமும் தைத்தபோதே தெளிவாயிற்று. ஒரு சோடிப் பைக்கு வேண்டிய துணி மிகக் குறைவு. பழைய கவுனின் கிழியாத பகுதியோ, திரைத்துணியின் எச்சமோ போதும். துண்டுகளை இணைத்தும் முகப்பை உருவாக்கலாம். பணம் கொடுத்துத் தையற்காரரை நாடவேண்டியதில்லை. விலைக்கு வாங்கிய பைகளும் அக்காலத்தில் இருந்தன எனினும், ஒரு பெண் தானே வெட்டி, தானே தைத்து, தானே கட்டிக்கொள்ளக்கூடிய பொருள்களில் இது தலையாயது. பலவற்றில் உரியவளின் பெயர் முதலெழுத்துகள் சிறு குறுக்குத் தையலால் இடப்பட்டுள்ளன. சலவைக்குச் செல்லும் துணிகளிற் குறியிடுதல் அக்கால வழக்கம். எனினும் குறி குறியே. இஃது இன்னாருடையது என அது கூறுகின்றது.

அணிந்தபோது அறிந்தவற்றுள் ஒன்று முதன்மையானது. பையினுள் இருப்பதைக் கண் காண்பதில்லை. கை கவுனின் பிளவைத் தாண்டி, பாவாடையின் பிளவைத் தாண்டி, பையின் பிளவினுட் புகவேண்டும். உள்ளே சாவி எது, நாணயம் எது என்பதை விரலே தேர்கின்றது. ஓரிரு நாள்களில் விரல்கள் இதற்குப் பழகிவிடுகின்றன. பையின் கனம் தொடையின்மேல் ஓயாது உணரப்படுகின்றது. கனம் குறைந்தால் உடனே தெரிகின்றது. மீளச் செய்துபார்க்கும் முறைக்கு எல்லை உண்டு என்பதையும் கூறவேண்டும். கச்சு அணியாத இடை, பத்து வயதில் ஊசி பிடிக்காத கை, ஜிப்பு வைத்த பைக்குப் பழகிய மனம் ஆகியவற்றோடு நாம் 18ஆம் நூற்றாண்டுப் பெண்ணின் உணர்வை அடைந்துவிட்டதாகக் கூறுதல் மிகையாகும். ஆயினும் கனம் பற்றியும் தொடுகை பற்றியும் அறிந்தது வீண்போகவில்லை. நீதிமன்ற ஏடுகளைப் படிக்கையில் அது கைகொடுத்தது.

நீதிமன்ற ஏடுகளில் கட்டுப்பை

இலண்டன் ஓல்டு பெய்லி நீதிமன்ற வழக்கு நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை அச்சிடப்பட்டன. 2003ஆம் ஆண்டு தொடங்கி அவை இணையத்தில் இடம்பெற்று, எச்சொல்லையும் தேடிக் காணும் வாய்ப்புக் கிடைத்துள்ளது. பைத்திருட்டு வழக்குகளில் ஒரு பெண் சாட்சி சொல்ல வருகையில், தன் பையில் என்னென்ன இருந்தன என அடுக்கிக் கூறுகின்றாள். நாணயங்கள், சாவிக் கொத்து, அங்குஸ்தான், கத்தரிக்கோல், ஊசிமெத்தை, கைக்குட்டை, மூக்குப்பொடி டப்பி, மூக்குக்கண்ணாடி, கடிதங்கள், தின்பதற்கு எடுத்து வைத்த ரொட்டி, பழம். கையெழுத்துப் போடத் தெரியாதவளின் உடைமைப் பட்டியலையும் இவ்வேடுகள் நமக்குத் தருகின்றன. அவளைப் பற்றி வேறெந்த ஆவணமும் இல்லாதிருக்கலாம்.

ஆனால் இவ்வேடுகளின் தன்மையை மறத்தல் கூடாது. திருடப்பட்ட பை மட்டுமே இங்குப் பேசுகின்றது. அதுவும் தலைநகரத்துப் பை. அதுவும் நீதிமன்றம் கேட்ட கேள்விக்கு விடையாக. அக்கேள்விகளை வகுத்தது ஒரு சட்டம். முதலாம் எலிசபெத்து அரசியின் ஆட்சியில், 1565ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, ஒருவர் உடலிலிருந்து பன்னிரண்டு பென்சிற்கு மேற்பட்ட பொருளை 'அறியாவண்ணம்' திருடுவது மரணத்திற்குரிய குற்றம். 'அறியாவண்ணம்' என்னும் சொல்லே இங்கு உயிர்நிலை. பறிகொடுத்தவர் திருட்டு நிகழும்போதே அதனை உணர்ந்திருந்தால் அது அறியாவண்ணம் நிகழ்ந்த திருட்டாகாது; தூக்குத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டு நில்லாது. ஆதலால் நீதிபதியும் நடுவர் குழுவினரும் பறிகொடுத்தவளை நோக்கி, உன் பாவாடைக்குள் கை புகுந்ததை உணர்ந்தாயா, பை கனம் குறைந்ததை அப்பொழுதே அறிந்தாயா, பின்னரா என வினவவேண்டியதாயிற்று.

தொடையில் தொங்கிய ஒரு துணிப்பையின் கனம் பற்றி ஒருத்தி சொல்லும் சொல், எதிரே நிற்பவளின் கழுத்தில் கயிறு விழுமா விழாதா என்பதை முடிவு செய்தது. எதிரே நிற்பவள் என நாம் பெண்பாலிற் கூறுவதற்குக் காரணம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இக்குற்றஞ் சாட்டப்பட்டோருள் பெண்கள் பெருந்தொகையினர். கட்டுப்பையை அன்றாடம் கட்டியவளுக்குத்தான் பிளவுகளின் வரிசையும் நாடாவின் முடிச்சும் தெரியும். நாடாவை அறுத்துப் பையோடு கவர்ந்து சென்ற வழக்குகளும் உள. நடுவர் குழுவினர் பலமுறை திருட்டுப் பொருளின் மதிப்பைப் பத்துப் பென்சு எனக் குறைத்து மதிப்பிட்டு மரணத்தைத் தவிர்த்தனர். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதனை அறநோக்குடைய பொய்யாணை எனும் பொருள்பட வருணித்தார். சர் சாமுவேல் ரோமிலியின் முயற்சியால் 1808ஆம் ஆண்டில் இக்குற்றத்திற்கான மரண தண்டனை நீக்கப்பட்டது.

வழக்கேடுகளில் மற்றொரு கூறும் நம் வினாவிற்கு நேர்விடை தருகின்றது. மணமான பெண்ணின் இடையிலிருந்து, அவளே தைத்த பையிலிருந்து, அவள் ஈட்டிய நாணயம் திருடப்பட்டாலும், குற்றப்பத்திரம் அப்பொருளைக் கணவனின் உடைமை என்றே எழுதும். ஆங்கிலப் பொதுச் சட்டம் மனைவியின் அசையும் பொருளைக் கணவனுக்கு உரியதாக்கியது. 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களே இந்நிலையைப் படிப்படியாக மாற்றின. சாட்சி கூறுபவளோ 'என் பை', 'என் பணம்' என்றே பேசுகின்றாள். ஒரே பக்கத்தில், குற்றப்பத்திரத்தில் அவனுடையதாகவும் வாக்குமூலத்தில் அவளுடையதாகவும் ஒரே பை நிற்கின்றது. சட்டத்தை மட்டும் படித்த வரலாறு முதலாவதைக் கண்டு நின்றுவிடுகின்றது. வாக்குமூலத்தையும் சட்டத்திற்கு நிகரான சான்றாகக் கொள்ளவேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. அவள் சட்டம் அறியாமற் பேசினாள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் உடைமை என்பது சட்டநூலால் மட்டும் நடைபெறுவதன்று.

பணிப்பெண்களின் நிலை இதனினும் கூர்மையானது. எசமானரின் வீட்டில் உறங்கும் அவளுக்குத் தனியறை கிடையாது. சில வேளைகளில் தனிப்படுக்கையும் கிடையாது. பூட்டிய ஒரு பெட்டியும் இடையிற் கட்டிய பையுமே அவளுக்கெனப் பிறர் கை புகாத இடங்கள். அமண்டா விக்கரி 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், பூட்டும் பெட்டியும் அக்கால இலண்டன் வாழ்வில் எத்துணை இன்றியமையாதன என்பதை விளக்கியுள்ளார். பெட்டியின் சாவியும் பையினுள்ளேதான் இருந்தது. இரவில் பையை அவிழ்த்துத் தலையணையின்கீழ் வைத்து உறங்கினர் என்பதற்கும் வழக்கேடுகளே சான்று. அங்கிருந்தும் அது திருடப்பட்டது.

சோழமண்டலத் துணியும் கட்டுப்பையும்

இந்தியவியல் துறையினராகிய நமக்கு இப்பையில் மற்றோர் ஈடுபாடும் உண்டு. பையின் முகப்புத் துணி எங்கிருந்து வந்தது என வினவினால், விடை சில வேளைகளில் நம் கடற்கரையையே சுட்டுகின்றது. மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, நாகப்பட்டினம் வரையிலான சோழமண்டலக் கரையில் சாயவேரும் அவுரியும் கொண்டு வண்ணமிட்ட பருத்தித் துணியை ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். நாம் சீட்டித்துணி என்பது அதனையே. துவைத்தாலும் வெளுக்காத சிவப்பு அதன் சிறப்பு. காரத்தில் ஊறவைத்து, பாலும் கடுக்காயும் ஏற்றி, படிகாரக் கரைசலால் உருவெழுதி, பின்னர்ச் சாயவேரிற் கொதிக்கவைக்கும் அம்முறையை ஐரோப்பியர் அறியார். அதனை விளக்கிக் கோர்டூ எனும் பிரெஞ்சு இயேசுசபைத் துறவி 1742ஆம் ஆண்டில் தம் நாட்டிற்குக் கடிதம் எழுதினார்.

இங்கிலாந்தின் கம்பளி, பட்டு நெசவாளர்கள் இத்துணியைத் தம் பிழைப்பிற்குக் கேடெனக் கண்டனர். 1701ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் கீழை நாடுகளின் வண்ணப் பருத்தித் துணிகளை உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு இறக்குமதி செய்வதைத் தடுத்தது. அது போதாமையின், 1719ஆம் ஆண்டில் இலண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் சீட்டிக் கவுன் அணிந்து சென்ற பெண்களைத் தாக்கி உடைகளைக் கிழித்தனர். 1721ஆம் ஆண்டுச் சட்டம், சிற்சில விலக்குகள் போக, அச்சிட்ட பருத்தித் துணியை அணிவதையே குற்றமாக்கி, 1722 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அணிந்தவர்க்கு ஐந்து பவுண்டு, விற்றவர்க்கு இருபது பவுண்டு தண்டம். இத்தடை 1774 வரை நீடித்தது. பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது. தடை விதியாத நெதர்லாந்திலோ சீட்டி தழைத்தது. தொடைப்பை எனப் பொருள்படும் பெயரால் அந்நாட்டார் வழங்கிய கட்டுப்பைகளுள் இந்தியச் சீட்டியால் தைத்தவையும் எஞ்சியுள்ளன.

இச்சட்டங்கள் கண்ணிற் படுவதையே பற்றக்கூடியவை. தெருவில் கிழிக்கப்பட்டது மேற்கவுன். பாவாடைக்குள் தொங்கும் பையின் முகப்பு எத்துணி என்று எந்த நெசவாளனும் கண்டறிதல் இயலாது. பழைய சீட்டிக் கவுனை வெட்டிப் பையாக்கிக்கொண்டவளைச் சட்டம் எட்டியிராது என்பது நம் ஊகம். ஊகமே ஆயினும், துணியை வீணாக்காத அக்கால வழக்கத்தோடு அது பொருந்துகின்றது.

சோழமண்டலத்தில் அத்துணியை நெய்தவர் நிலை என்னாயிற்று? பிரசன்னன் பார்த்தசாரதி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தென்னிந்திய நெசவாளர் வணிகரோடு பேரம் பேசும் வலிமை உடையராய் இருந்தனர் என்றும், கிழக்கிந்தியக் கும்பினியின் அரசியல் ஆதிக்கம் வளர்ந்தபின் அவ்வலிமையை இழந்தனர் என்றும் நிறுவியுள்ளார். 1774க்குப் பின்னர் இங்கிலாந்திலேயே நூற்று, நெய்து, அச்சிட்ட பருத்தித் துணி பெருகியது. நூற்றாண்டின் இறுதியிற் தைத்த பைகளின் அச்சுத்துணிகள் பெரும்பாலும் அத்தகையன. பூவும் கொடியும் மட்டும் கிழக்கின் சாயலை விடவில்லை.

மறைவு பற்றிய கருத்து

1790களில் பெண்களின் உடை மாறியது. இடைக்கோடு மார்பின்கீழ் ஏறியது. மெல்லிய மஸ்லின் கவுன் உடலோடு ஒட்டி விழுந்தது. அதற்குள் கட்டுப்பை கட்டினால் புடைத்துத் தெரியும். எனவே 'ரெட்டிக்யூல்' எனும் சிறு கைப்பை தோன்றியது. இதனைக் கொண்டு, பெண்களின் பையை நவநாகரிகம் பறித்துக்கொண்டது என்றும், கைப்பையின் அடிமைத்தனம் அன்றே தொடங்கியது என்றும் மேடைகளிலும் இதழ்களிலும் கூறப்படுகின்றது. இன்றைய பெண்ணாடைகளில் பை இல்லாக் குறை உண்மையானது. அக்குறைக்கு வரலாறு தேடுவோர் இக்கதையை விரும்புதலும் இயல்பே. ஆயினும் சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை.

1838ஆம் ஆண்டில் வெளிவந்த 'பணிப்பெண்டிர் கையேடு' எனப் பொருள்படும் தையல் நூல் கட்டுப்பையை வெட்டித் தைக்கும் முறையை அப்பொழுதும் கற்பிக்கின்றது. 1849–50இல் தொடராக வந்த 'டேவிட் காப்பர்ஃபீல்டு' புதினத்தில் பெகட்டி எனும் பணிப்பெண் முழங்கை அளவிற்குக் கையைப் பைக்குள் விட்டுத் தின்பண்டப் பொட்டலங்களை எடுக்கின்றாள். முழங்கை வரை செல்லும் பை எதுவென்பது டிக்கன்சின் வாசகர்க்குத் தெரிந்திருந்தது. நவநாகரிகப் பெண்களுள் ஒரு சாரார் சில பத்தாண்டுகள் கைவிட்டதை, உழைக்கும் பெண்களும் முதியோரும் நாட்டுப்புறத்தாரும் நூற்றாண்டின் இறுதிவரை கட்டியிருந்தனர். உயர்குடியின் உடையையே நாட்டின் உடையாகக் கொள்ளும் பழைய பழக்கத்தின் விளைவே இக்கதை. தமிழக உடை வரலாறு எழுதுவோரும் அரண்மனைச் சிற்பங்களை மட்டும் நம்பினால் இதே இடர்ப்பாட்டிற்கு உள்ளாவர்.

இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில், பழைய வீடொன்றின் உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருந்த 18ஆம் நூற்றாண்டுக் கட்டுப்பை ஒன்று வெளிப்பட்டது. தீமை அணுகாதிருக்கும்பொருட்டுப் பழைய காலணிகளையும் ஆடைகளையும் சுவரிலும் புகைபோக்கியருகிலும் வைத்து மூடும் வழக்கம் அந்நாட்டில் இருந்ததாகக் கருதுவர். அப்பையோடு ஒரு கைக்குழந்தையின் தொப்பியும், நாணயங்களும், தாள்களும் கிடைத்தன. சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் துணிப் பாதுகாப்பு மையம், 2009ஆம் ஆண்டில் மூடப்படுவதற்கு முன்னர், இத்தகைய மறைபொருள்களை ஆராயும் திட்டமொன்றை நடத்தியது. துணியைத் துவைத்துச் சுருக்கம் நீக்கி வெண்மையாக்குவதே முற்காலப் பாதுகாப்பு முறை. இம்மையத்தார் அவ்வாறு செய்ய விரையவில்லை. மடிப்பும் கறையும் புகைப்படலமும் அப்பொருளை வைத்த கையின் சான்றுகள் எனக் கொண்டு, அவற்றை அவ்வாறே விட்டுப் பதிவு செய்தனர்.